நம் வயிறு ஓர் ஒர்க்‌ஷாப்



எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியில் குடிகொண்டிருக்கும் சாமியின் பெயர் பிறவி மருந்தீஸ்வரர். பெயரிலேயே மருந்து இருக்கிற சாமி. அப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒருவன் வயிற்று வலியால் லேத் மெஷின் பக்கத்தில் சுருண்டு விழுந்த கதையை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன். அந்த ஊர்க்காரன் நான்தான்.

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் ஆளுக்கொன்றாக ரோபோ, மின்சார வாகனம், செயற்கை நுண்ணறிவு என்று நல்ல நல்ல தலைப்பாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது வயிறுதான். சிரிக்காதீர்கள். அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். வயிறு கெட்டால் படிப்பே படிப்பாக இருக்காது. நான் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் ஆரம்பிக்கவில்லை. இரண்டு பேருடைய வயிற்றில் ஆரம்பித்தேன். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் அப்பாவுடையது.

தூக்குவாளியும் வெட்கமும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து அதற்கு மேல் வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா விவசாயக் கூலி. அம்மாவும் நடவு, களை என்று போகும். முதலாம் ஆண்டு சேர்ந்தபோது எனக்குக் காலை 6.45 மணி பஸ். அவ்வளவு சீக்கிரம் இட்லி, தோசைக்கு வழி ஏது? அம்மா முதல் நாள் இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டுத் தூக்குவாளியில் கொடுத்தனுப்பும். காலேஜில் போய் மணி அடிப்பதற்கு முன்பு சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது.

முதல் வாரம் வகுப்பில் திறந்தேன். ஒருத்தன் மூக்கைப் பிடித்தான். நாலு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் மறுநாளிலிருந்து நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஏறுவதற்கு முன்பு வாய்க்கால் மதகில் நின்று அந்தச் சோற்றை மீனுக்குக் கொட்டிவிடுவேன். வாளியை அலசி, சாயங்காலம் அம்மாவிடம் கொடுப்பேன். "நல்லா இருந்துச்சா தம்பி?" என்று கேட்கும். "ம்" என்பேன். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது.

காலையில் ஒரு டீ. பதினொரு மணிக்கு எண்ணெய் வடியும் போண்டா. மத்தியானம் கேண்டீனில் ஐந்து நிமிடத்தில் இரண்டு பரோட்டா. ராத்திரி வீட்டுக்குப் போய் மலை மாதிரி சோறு, உடனே படுக்கை. நெஞ்செரிச்சல் வந்தது, ஏப்பம் வந்தது, மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போனேன். ஒரு நாள் டர்னிங் பிராக்டிகலில் நிற்கும்போது கண் இருட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, மெஷின் ஆஃப் செய்திருந்தது.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எங்கே வலிக்குது?" என்பதல்ல. "தம்பி, காலையில என்ன சாப்பிட்ட? எத்தனை மணிக்குச் சாப்பிட்ட?" என்றுதான். பரிசோதித்துவிட்டு, "அல்சர் மாதிரி தெரியல. அஜீரணமும் மலச்சிக்கலும்தான். மருந்தைவிட உனக்கு டைம்டேபிள்தான் வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

ஒர்க்‌ஷாப்பின் நான்கு பகுதிகள்

நண்பர்களே, நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரே நீளமான உற்பத்தி வரிசை. ஒரு பகுதி வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்த பகுதிக்குச் சுமை.

முதல் பகுதி வாய். பல் என்பது கட்டிங் டூல். உமிழ்நீர் என்பது கூலண்ட் மாதிரி. ஆனால் கூலண்டைவிடப் பெரிய வேலைக்காரன். ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரை சுரக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை அங்கேயே உடைக்க ஆரம்பிக்கிறது. ஒரு வாய்ச் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருங்கள், லேசாக இனிக்கும். லேத்தில் டெப்த் ஆஃப் கட் அதிகம் கொடுத்தால் டூல் என்ன ஆகும்? அப்படித்தான் மெல்லாமல் விழுங்குவதும். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

இரண்டாவது பகுதி இரைப்பை. இது மிக்ஸிங் டேங்க். இதில் சுரப்பது சாட்சாத் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வேதியியல் ஆய்வகத்தில் நாம் பயந்து பயந்து பிப்பெட்டில் எடுக்கிறோமே, அதே அமிலம்தான். சாதாரணச் சாப்பாடு இங்கே 2 முதல் 4 மணி நேரம் வரை கடையப்படுகிறது. எண்ணெய், கொழுப்பு அதிகமானால் இன்னும் தாமதம். என் போண்டா ஏன் மத்தியானம் வரை நெஞ்சிலேயே நின்றது என்று இப்போது புரிகிறது.

மூன்றாவது பகுதி சிறுகுடல். சுமார் 6 மீட்டர் நீளம். கணைய நீரும் பித்த நீரும் இங்கேதான் வந்து சேர்கின்றன. சத்து ரத்தத்தில் சேருவதும் இங்கேதான். குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும் என்று பழைய புத்தகங்களில் போட்டிருக்கும். 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, மொத்தம் 30 சதுர மீட்டர் சொச்சம்தான், பாட்மிண்டன் மைதானத்தில் பாதி அளவு என்றார்கள். அதுவே எங்கள் வீட்டைவிடப் பெரிசு!

நான்காவது பகுதி பெருங்குடல். சுமார் 1.5 மீட்டர். தண்ணீரை உறிஞ்சிக்கொள்வது இதன் வேலை. இங்கே கோடிகோடியாக நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் அவற்றுக்குச் சாப்பாடு. அவை அதைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கு வேண்டிய சத்தைத் தயார் செய்து கொடுக்கின்றன. நார் இல்லாத பரோட்டாவையே தின்றால் இந்த வேலையாட்கள் பட்டினி.

இன்னொரு சங்கதி. வயிறு காலியாக இருக்கும்போது ஏறக்குறைய 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தடவை இரைப்பையிலிருந்து ஓர் அலை கிளம்பி, மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளிக்கொண்டு போகிறது. ஷிப்ட் முடிந்ததும் சிப்ஸைக் கூட்டி மெஷினைத் துடைக்கிறோமே, அந்த மாதிரி. எந்நேரமும் எதையாவது கொறித்துக்கொண்டிருந்தால் துடைப்பதற்கு நேரமே கிடைக்காது.

வயிற்றுக்கும் கடிகாரம் உண்டு

இதெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 1822-ல் அமெரிக்காவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளிக்குத் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் வயிற்றில் பட்ட காயம் மூடாமல் ஓட்டையாகவே நின்றுவிட்டது. வில்லியம் போமாண்ட் என்ற ராணுவ மருத்துவர் அந்த ஓட்டை வழியாக, உணவை நூலில் கட்டி உள்ளே விட்டு, எடுத்து எடுத்துப் பார்த்தார். அந்தத் தொழிலாளி கோபப்பட்டால் செரிமானம் கெடுவதையும் கவனித்தார். 1833-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். செரிமானம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதிக்கு அஸ்திவாரம் ஒரு கூலித் தொழிலாளியின் வயிறு என்பதை நினைத்தால் எனக்கு ஏதோ மாதிரி இருக்கிறது.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவை நமக்கு மணி அடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்தவராகத்தான் தெரியும். ஆனால் அவருக்கு 1904-ல் நோபல் பரிசு கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. உணவு வயிற்றுக்குள் போவதற்கு முன்பே, வாயில் ருசி பட்டதுமே, இரைப்பையில் நீர் சுரக்க ஆரம்பித்துவிடுகிறது என்று காட்டினார். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் உடம்பு அந்த நேரத்துக்குத் தயாராகிக் காத்திருக்கும். டாக்டரம்மா சொன்ன டைம்டேபிளின் அர்த்தம் இதுதான்.

நான் மதகில் கொட்டிய சோறு

இனி வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். நான் மீனுக்குக் கொட்டிய பழைய சோற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குச் சங்கடமாகிவிட்டது.

சோறு வெந்து ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு சீக்கிரம் செரிக்காத மாவாக மாறுகிறது. அது நார்ச்சத்து மாதிரி பெருங்குடல் வரை போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறும்போது லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகி, அந்த இளம்புளிப்பு வருகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் சிகிச்சைப் பிரிவில் குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோற்றை வைத்தே ஆய்வு நடத்த முன்வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி, பழைய சோறு சர்வரோக நிவாரணி என்று நான் சொல்ல வரவில்லை. பானை சுத்தமாக இருக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்ற வேண்டும். மூடி வைத்து, காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். நாற்றம் மாறினாலோ நூல் விட்டாலோ யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லைத் தீட்டத் தீட்டத் தவிடு போகிறது. தவிட்டோடு நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் போகின்றன. ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர் 1890-களில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போவதையும், தவிடு கொடுத்தால் தேறுவதையும் பார்த்தார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரிலும் 1918-ல் மெக்காரிசன் என்ற மருத்துவர் இதே பெரிபெரி நோயை ஆராய ஓர் அறையில் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்குகிறது. அதனால் எங்கள் அப்பாயி அவித்துக் காயவைத்த புழுங்கல் அரிசி பச்சரிசியைவிட ஒரு படி மேல்.

இதைச் சொல்லும்போது எங்கள் பகுதிக்காரர் ஒருவரை மறக்க முடியாது. கட்டிமேடு நெல் ஜெயராமன். நம்மாழ்வார் ஐயாவின் வழியில் வந்தவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என்று 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடி மீட்டவர். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கி மற்றவர்களுக்குக் கொடுத்தார். 2018 டிசம்பர் 6-ஆம் தேதி காலமானார். அவர் மீட்டவற்றில் பல சிவப்பரிசி, கருப்பரிசி ரகங்கள். தவிடு போகாமல் சாப்பிட்டால் குடலுக்கு நல்லது. விலைதான் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டவில்லை. கிடைக்கும்போது வாரம் ஒரு நாள் கஞ்சியாவது வைக்கலாம்.

அப்பாவின் வயிறு

இதுவரை படித்தவர்கள், "அப்படியானால் தினமும் பழைய சோறு சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்று நோயே வராதா?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். போன சம்பா அறுவடை வரைக்கும்.

அப்பா பிறந்ததிலிருந்து நீராகாரம் குடித்தவர். நேரம் தவறாதவர். ஒரு நாள் களத்தில் மூட்டை தூக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பத்து நாளாக வெளிக்குத் தார் மாதிரி கருப்பாகப் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. "சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போவணும், ரெண்டு நாள் கூலி போயிடுமே" என்றார். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் இரைப்பையில் புண். அதிலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது.

டாக்டர் கேட்டார்: "உடம்பு வலிக்கு மாத்திரை போடுவீங்களா?"

"போடுவேங்க. வேலைக்குப் போறப்ப கடையில ரெண்டு வாங்கி, டீயோட போட்டுக்குவேன்."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சுங்க, ஆறேழு வருஷம்."

அதுதான் விஷயம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபேன் போன்ற வலி மாத்திரைகள் வலியைக் குறைக்கும்போதே, இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் வழுவழுப்புப் பூச்சையும் குறைத்துவிடுகின்றன. பூச்சு போன இரும்பில் அமிலம் பட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அதோடு ஒரு கிருமியும் இருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர். பட்டினி, காரம், கவலைதான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். இரைப்பை அழற்சி வந்து அவதிப்பட்டார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு என்கிறார்கள்: இந்தக் கிருமி, வலி மாத்திரை. எங்கள் அப்பாவுக்கு இரண்டுமே இருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்தும் அமிலம் குறைக்கும் மருந்தும் 14 நாள் கொடுத்தார்கள். இப்போது தேறிவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு குறை ஆறவில்லை. அந்த மாத்திரை அட்டை எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால்தான் எப்போதும் செருகியிருக்கும். அதில் அச்சடித்திருந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரிந்தவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். நானும் ஒரு நாள்கூட எடுத்துப் படிக்கவில்லை.

கடைப்பிடிக்க வேண்டிய பழக்கங்கள்

1. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூன்று வேளை சாப்பிடுங்கள். காலை உணவைத் தள்ளாதீர்கள்.

2. சாப்பாட்டுக்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். செல்போனைப் பார்த்துக்கொண்டே விழுங்காதீர்கள்.

3. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, பழமும், 25 கிராம் நார்ச்சத்தும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு ஆப்பிள் வாங்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, கொய்யா, தட்டைப்பயறு எல்லாம் நம் ஊரில் கிடைப்பவை. பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும்.

4. நார்ச்சத்தோடு தண்ணீரும் வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வெயிலிலும் ஃபவுண்டரியிலும் வேலை செய்யும் நாளில் கூடுதலாகக் குடியுங்கள். கூல்டிரிங்ஸைவிட மோர் நல்லது.

5. வெளிக்கு வந்தால் அடக்காதீர்கள். காலையில் சாப்பிட்டதும் பெருங்குடல் தானாகவே அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தைப் பஸ்ஸுக்குப் பறிகொடுத்ததால்தான் எனக்கு மலச்சிக்கல் வந்தது. நம் சகோதரிகள் பலர், கழிவறைக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். சுத்தமான கழிவறை கேட்டு வாங்குவதும் நம் மாணவர் மன்றத்தின் வேலைதான்.

6. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் 2 முதல் 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சாப்பிட்டபின் கொஞ்சம் நடங்கள். வாய்க்கால் கரை நமக்கு இலவசம்.

7. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். நம் கையில் கிரீஸ் மட்டுமா இருக்கிறது? சந்தேகமான தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

8. சீரக ரசம், இஞ்சி, பிரண்டைத் துவையல் எல்லாம் நம் சமையலறையின் சொத்து. சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாம். ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல.

9. வலி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். வெறும் வயிற்றில் போடவே போடாதீர்கள். புகையிலையும் சிகரெட்டும் வயிற்றுக்கும் எதிரிதான்.

இத்தனைக்கும் மேல், திருக்குறளில் 'மருந்து' என்ற 95-ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். மூலிகைப் பெயர் எதுவும் இருக்காது. முன்பு சாப்பிட்டது செரித்துவிட்டதா என்று பார்த்து, பசித்தபின் அளவாகச் சாப்பிடச் சொல்கிறார் வள்ளுவர். அப்படிச் சாப்பிடுகிறவன் உடம்புக்கு மருந்தே வேண்டாம் என்கிறார்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

பழக்கம் என்பது சுவர் மாதிரி. சுவர் இடிந்தபின் பழக்கம் மட்டும் போதாது. மலம் தார் போலக் கருப்பாகப் போவது, மலத்திலோ வாந்தியிலோ ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, விடாத வாந்தி. இவற்றில் ஒன்று இருந்தாலும் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ அரசு ஆஸ்பத்திரியோ, அன்றைக்கே போங்கள். கூலி இரண்டு நாள் போனால் போகட்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

இப்போது நான் 20 நிமிடம் முன்னதாக எழுந்திருக்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அதே பானைச் சோற்றை மென்று சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். மதகில் கொட்டிய கதையை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மீனாவது தின்னுச்சே" என்றது. முதல் வாரம் சிரித்த நண்பர்களில் இரண்டு பேர், இந்தச் சித்திரை வெயிலில் எங்கள் வீட்டுக்கு வந்து மோர்மிளகாய் வைத்து இரண்டு தட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். அவர்கள் பெயரை எழுத மாட்டேன், பயப்பட வேண்டாம்.

நண்பர்களே, நம்மில் பல பேர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போய் வீட்டைத் தூக்கி நிறுத்துவோம் என்று இருக்கிறோம். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். அப்பா சட்டைப் பையிலோ அம்மாவின் சுருக்குப் பையிலோ இருக்கிற மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். எதற்காகப் போடுகிறார்கள், எத்தனை நாளாகப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் அங்கே உதவட்டும்.



- இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், திருத்துறைப்பூண்டி